ஏழு பிரதி சேர்ந்தால் உண்மை

காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெள்ளையாக வந்தது. பாலில் தாராளமாகத் தண்ணீர் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வெள்ளை. சாவிக்காரர் அதை ஸ்டீல் தம்ளரில் பிடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் தம்ளரில் இருந்தது சாதாரணத் தண்ணீர். வெள்ளையைக் காணோம். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி வெள்ளை. கொஞ்ச நேரத்தில் மறுபடி காணோம்.

வந்தது என்ன, போனது எங்கே என்று அவருக்குப் புரியவில்லை. கடைத்தெருவில் மாற்றுச் சாவி வெட்டித் தருவது அவர் தொழில். பூட்டு ஏன் திறக்கவில்லை என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். இந்தத் தம்ளர் முன்னால் அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் பிடிபடவில்லை.

மற்ற நாளாக இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுக் கடைக்குப் போயிருப்பார். ஆனால் உள்ளறையில் நாற்பத்தேழு நாள் பெண் குழந்தை இருந்தது. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் மனைவிக்குப் பால் வற்றிப்போனது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புட்டிப்பால். பால்பவுடர் இருந்தது. கலக்கத் தண்ணீர் வேண்டும். கடையில் வாங்கிய இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. இழுத்துப் பிடித்தால் நாளை மாலை வரை வரும்.

மனைவி போனில் கேட்டுப் பார்த்தாள். "தண்ணீர் ஏன் வெள்ளை?" என்ற கேள்விக்கு ஒரு நொடியில் நாற்பது பதில் வந்தது. சுண்ணாம்பு என்றது ஒன்று. கிருமி என்றது ஒன்று. காற்று என்றது ஒன்று, அதன் கீழேயே ஒருவர் "பொய், நம்பாதீர்கள்" என்று எழுதியிருந்தார். உடனே கொதிக்க வையுங்கள் என்றார் ஒரு டாக்டர். கொதிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் விஷம் கெட்டியாகிவிடும் என்றார் இன்னொரு டாக்டர். இருவரும் ஒரே மாதிரி கோட்டு போட்டிருந்தார்கள்.

"நாப்பது பேர் சொல்றாங்க. இதுல யார் பேச்சக் கேக்குறது, சொல்லுங்க!" என்றாள் மனைவி. "நான் இந்தத் தண்ணியில புள்ளைக்குக் கலக்க மாட்டேன். எனக்கு யாராவது ஒரு ஆள் சரியா சொல்லணும்."

இப்படிப்பட்ட தாய்மார்களுக்காகவே அரசாங்கம் தகவல் தெளிவு மையம் என்று ஒன்றை வைத்திருந்தது. தகவல் அதிகமாகி மக்கள் குழம்பிப்போனதால் உண்டான அலுவலகம் அது. குழப்பத்தைத் தீர்க்க நாள்தோறும் நூற்றுப் பன்னிரண்டு அறிக்கை வெளியிட்டது. சாவிக்காரர் கடையைப் பூட்டியபடியே விட்டுவிட்டு அங்கே போனார்.

நான்கு மாடிக் கட்டடம். வாசலில் டோக்கன் இயந்திரம். டோக்கன் எண் சரியானதுதானா என்று பார்க்க ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு ஒரு தனி டோக்கன். பத்தரை மணிக்கு அவர் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எதுல சந்தேகம்?"

"தண்ணியிலம்மா. வெள்ளையா வருது."

"யார் அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பல. குழாயில வந்துச்சு."

"அதக் கேக்கல சார். தகவல் யார் அனுப்பிச்சது?"

"நானே பார்த்தேன். என் கண்ணால."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "நீங்களே பார்த்தா அது தகவல் இல்ல. அது அனுபவம். அனுபவத்துக்கு எங்ககிட்ட படிவம் கிடையாது. யாராவது உங்களுக்கு அனுப்பியிருந்தா எடுத்துட்டு வாங்க."

"நான் பார்த்தத எனக்கு யாரும்மா அனுப்புவாங்க?"

"அது உங்க குடும்ப விஷயம். அடுத்தது!"

சாவிக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார். மனைவியின் தம்பி பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவனைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு உதவி. காலையில ஆறு பத்துக்குக் குழாயில தண்ணி வெள்ளையா வந்துச்சு, வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு."

"இத நீங்களே எனக்குச் சொல்றீங்க. நான் உங்களுக்கு அனுப்பணுமா? மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேள்வி கேக்காம அனுப்புடா."

மச்சான் அனுப்பினான். அவனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டான். மாமாவுக்கு அனுப்பிய கையோடு சொந்தக்காரர் குழு, பார்சல் குழு, பள்ளிக்கூட நண்பர் குழு மூன்றுக்கும் அனுப்பி வைத்தான்.

ஜன்னலம்மாள் மெசேஜை அச்செடுத்து வாங்கி, ஒரு முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். 'வதந்தி' என்றிருந்தது.

"வதந்தி இல்லம்மா, நிஜம்!"

"இப்ப ஒரு பிரதிதான சார் இருக்கு? ஒரு பிரதின்னா வதந்தி. மூணு வந்தா செய்தி. ஏழு சேர்ந்தா உண்மை. சுவத்துல எழுதியிருக்கு பாருங்க."

சுவரில் எழுதித்தான் இருந்தது. இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று கொஞ்சம் விளக்கினால்தான் அதன் நேர்த்தி தெரியும். ஊரில் யார் போனுக்கு எந்தச் செய்தி வந்தாலும் அதை மையத்துக்குத் தட்டிவிடலாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு மரத்தட்டு. புதிய பிரதி வந்தால் அந்தத் தட்டில் போடுவார்கள். தட்டில் ஏழு தாள் சேர்ந்தவுடன் ஒரு மணி அடிக்கும். ஒரு கடைநிலை ஊழியர் தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போவார். அங்கே தெளிவு அலுவலர் 'உண்மை' என்று முத்திரை குத்துவார். அனுப்பிய ஏழு பேரிடமும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வேலை எந்த மாடியிலும் இல்லை.

"எனக்கு இன்னிக்கே பதில் வேணும்மா. புள்ள பசியில அழும்."

"அப்ப இன்னும் ஆறு பேரு அனுப்பணும்னு வேண்டிக்கோங்க."

அவர் வேண்டிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.

மறுநாள் காலையிலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் வந்தது. மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல! நம்ம தெருவுலயே ஒரு கைக்குழந்தை. காலையில ஆறு பத்துக்கு வெள்ளைத் தண்ணி வந்திருக்கு, அதக் குடிச்சிருக்கு. இப்ப மூச்சுப் பேச்சு இல்லாம கெடக்காம். யார் வீடுன்னுதான் தெரியல. பாவம், அந்தத் தாய் எப்படித் துடிக்கிறாளோ!"

சாவிக்காரர் போனை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளறைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தார். அது கட்டைவிரலைத் தேடிச் சப்பிக்கொண்டு நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இது நாமதான்" என்றார்.

"என்ன நாம?"

"இந்தக் குழந்தை நம்ம குழந்தை. துடிக்கிற தாய் நீதான். நான் உன் தம்பிகிட்ட சொன்னேன். அவன் ஊருக்கே சொல்லிட்டான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பவும் என் தம்பியக் குறை சொல்லணும். இதே விஷயத்த எட்டுப் பேரு தனித்தனியா அனுப்பியிருக்காங்க. எட்டுப் பேருமா பொய் சொல்வாங்க?"

அலமாரி பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. சாவிக்காரர் தண்ணீர் வாங்க ஓடினார். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் காலி அட்டைப்பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் காலையிலயே போச்சு அண்ணே. நாலாவது தெருவுல ஏதோ குழந்தையாமே?"

"அந்தக் குழந்தைக்குத்தாங்க தண்ணி கேக்குறேன்!"

கடைக்காரர் ஒரு கணம் மிரண்டார். பிறகு சிரித்தார். "நல்லா சொல்றீங்க. காலையிலேர்ந்து அஞ்சு பேரு இதயே சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

வீடு திரும்பும்போது மையத்தின் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் நுழைந்தது. "உறுதி செய்யப்பட்ட உண்மை! நாலாவது தெருவில் வெள்ளைத் தண்ணீர் குடித்த குழந்தை கவலைக்கிடம். மக்கள் பதற்றமின்றி இருக்கவும்." அதைக் கேட்டவுடன் தெரு முழுவதும் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரி வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலாவது தெருவிலேயே இருந்துகொண்டும் எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

சாவிக்காரர் மையத்துக்குப் போய், டோக்கன் எதுவும் வாங்காமல், நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார். தடுக்க வந்த ஊழியரிடம் "நான்தான் அந்தக் குழந்தையோட அப்பா" என்றார். ஊழியர் வழிவிட்டதோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

தெளிவு அலுவலர் மெலிந்த, மரியாதையான மனிதர். மேசைமேல் ஏழு தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"சார், இது தப்பு. என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. தண்ணிய அது குடிக்கவே இல்ல."

"உட்காருங்க. உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒருத்தர். அவங்க ஏழு பேரு."

"அந்த ஏழு பேரும் நான் சொன்னதத்தான் சார் திருப்பிச் சொல்றாங்க."

"அப்படின்னா உங்களோட சேர்த்து எட்டு. இன்னும் உறுதி."

சாவிக்காரர் தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய தொழிலில் ஒரு சங்கதி உண்டு. மூலச் சாவியில் ஒரு பல்லில் சின்னப் பிசிறு இருந்தால், அதை வைத்து வெட்டும் அத்தனை சாவியிலும் அதே இடத்தில் அதே பிசிறு இருக்கும். ஏழு சாவியை மேசையில் கொட்டினாலும், இவை ஏழும் ஒரே சாவிக்குப் பிறந்தவை என்று அவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் நகலைக் கொண்டுவந்து நீட்டினால், "ஒரிஜினல் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார். நகலைப் பார்த்து வெட்டியதில் கதவு திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏழு தாளிலும் 'காலை ஆறு பத்து' என்று இருந்தது.

"சார், எங்க தெருவுல தண்ணி சரியா ஆறு மணிக்கு வரும். எங்க வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகமா ஓடும். காலையில எந்திரிக்கறதுக்காக என் வீட்டம்மா அப்படி வச்சிருக்கா. ஆறு பத்துங்கறது இந்த உலகத்துலயே எங்க வீட்டுச் சுவத்துல மட்டும்தான். அது எப்படி இந்த ஏழு பேருக்கும் தெரியும்?"

அலுவலரின் முகம் மலர்ந்தது. "இதத்தான் நாங்க தேடறோம்! ஏழு பேரு, ஏழு இடம், ஆனா நிமிஷம் பிசகல. இவ்வளவு ஒத்துப்போற சாட்சிய நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"யாராவது தண்ணியப் போய்ப் பார்த்தீங்களா சார்?"

"பார்க்கறது எங்க துறை இல்ல." அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. முன்னெல்லாம் ஒரு செய்தி வந்தா அது நிஜமா பொய்யான்னு ஒவ்வொரு ஆளும் தானே யோசிக்கணும். எவ்வளவு சிரமம்! அந்தச் சுமைய நாங்க இறக்கி வச்சோம். இப்ப மக்கள் யோசிக்க வேண்டியதில்ல. நாங்களும் யோசிக்கறதில்ல. எண்ணுறோம். யோசிச்சா ஆளுக்கு ஒரு முடிவு வரும். எண்ணினா எல்லாருக்கும் ஒரே விடை. போன வருஷம் ஒரு இளம் அலுவலர் ஆர்வக்கோளாறுல ஒரு செய்திய நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துட்டாரு. அவர் மேல இன்னும் விசாரணை நடக்குது."

"அப்ப மறுப்பாவது போடுங்க சார். குழந்தை நல்லா இருக்குன்னு."

"தாராளமா. மறுப்புக்கும் ஏழு பிரதி வேணும்."

"புள்ள நல்லா இருக்குங்கறத யாரு சார் ஏழு பேரு அனுப்புவாங்க?"

"அனுப்ப மாட்டாங்க" என்று அலுவலர் ஒப்புக்கொண்டார். "நல்லா இருக்கற குழந்தை மூணாவது பிரதியத் தாண்டினதே இல்ல." பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு, மேசைக்கு மேலாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "உங்கள ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டுலயும் காலையிலேர்ந்து வெள்ளையாத்தான் வருது. என் பேரனுக்கு ரெண்டு வயசு. அறிக்கையப் படிச்சதுலேர்ந்து வீட்டுல யாரும் தண்ணி குடிக்கல. நீங்க என்னதான் பண்றீங்க?"

"எந்த அறிக்கைய சார் படிச்சீங்க?"

"நாங்க போட்டததான்."

சாவிக்காரர் எழுந்தார். வாசலுக்கு வந்தபோது மனைவி போன் பண்ணினாள். போனைக் குழந்தையின் பக்கம் நீட்டினாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகு அவருக்கு மற்ற எதுவும் கேட்கவில்லை. பாட்டிலில் இன்னும் ஒரு வேளைக்குத்தான் தண்ணீர் இருக்கும்.

படிக்கட்டிலேயே நின்றார். ஒரிஜினல் எங்கே, ஒரிஜினல் எங்கே என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஏழு தாளுக்கு மூலம் மச்சான். மச்சானுக்கு மூலம் தான். தனக்கு மூலம் குழாய். குழாய்க்கு?

அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லாமல் கால் தானாக நடந்தது. தெருக்கோடியில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி உண்டு. தினமும் தண்ணீர் திறந்துவிடும் பெண் அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு நீளமான இரும்புத் தடியால் உள்ளே எதையோ திருகிக்கொண்டிருந்தாள். அவளைத் தெருவில் எல்லோரும் வால்வக்கா என்பார்கள்.

"அக்கா, தண்ணி ஏன் வெள்ளையா வருது?"

அவள் நிமிரவில்லை. "காத்து."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? யாராவது அனுப்பிச்சாங்களா?"

"என்னத்த அனுப்பறது? முந்தாநாள் மேல்பக்கம் பெரிய குழாயில ஒரு ஜாயின்ட் விட்டுப்போச்சு. அடைச்சு, வெட்டி, புதுசு போட்டோம். வெட்டின குழாயப் புடிச்சிட்டு நின்னவ நான். இந்தா, கை கிழிஞ்சிருக்கு பாருங்க." கட்டுப்போட்ட கையை நீட்டினாள். "வெட்டினா குழாய் காலியாகும். காலி இடத்துல காத்து பூந்துக்கும். திரும்பத் தண்ணிய விடும்போது, அந்த அழுத்தத்துல காத்து தண்ணிக்குள்ளயே கரைஞ்சிடும். குழாயத் திறந்ததும் அழுத்தம் போயிடுது. காத்து பொடிப்பொடிக் குமிழியா வெளிய வருது. அதான் வெள்ளை. குமிழி போனதும் வெள்ளையும் போயிடும். சோடாவத் திறந்தா பொங்கல? அது மாதிரி."

சாவிக்காரருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. "இத மையத்துல சொல்லியிருக்கலாம்ல?"

"போன வருஷம் அங்கேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. உங்ககிட்ட தகவல் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. தகவல் எல்லாம் இல்லீங்க, இந்தத் தடிதான் இருக்குன்னேன். எழுதிட்டுப் போயிட்டாங்க."

"அக்கா, நீங்க சொல்றத நம்பறேன். ஆனா…" அவர் தயங்கினார். நேற்றுக் காலையிலிருந்து அவரை நம்பச் சொன்ன ஆட்கள் நிறையப் பேர். "காத்துன்னு எங்க வீட்டுப் போன்லயும் ஒருத்தர் சொன்னாரு. பொய்யின்னும் ஒருத்தர் சொன்னாரு."

அவள் முதல்முறையாக முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

"நான் சொல்றேன்னு நம்பாதீங்க. இங்க காத்துதான். நடுவுல உங்க வீட்டுத் தொட்டியோ குழாயோ அழுக்கா இருந்தா எனக்கெப்படித் தெரியும்? போய்ப் பாருங்க. எதுல புடிச்சுப் பாத்தீங்க?"

"ஸ்டீல் தம்ளர்ல."

"அதுல என்னத்தத் தெரியும்? மேலேர்ந்து எட்டிப் பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். பக்கவாட்டுல தெரியற மாதிரி எதுலயாவது புடிங்க." அவள் அடுத்துச் சொன்னது இரண்டே வாக்கியம். அவர் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஓடினார்.

வீட்டில் குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. மனைவி கடைசியாகக் கலந்த அரைப் புட்டிப்பாலைக் கொடுத்து முடித்திருந்தாள், அது போதவில்லை. அலமாரி பாட்டில் மேசைமேல் காலியாகக் கிடந்தது.

"மையத்துல என்ன சொன்னாங்க?"

"விடு. நீ வந்து பாரு. என் பேச்சக் கேக்க வேணாம், உன் தம்பி பேச்சும் வேணாம். பாரு, அவ்வளவுதான்."

வீட்டில் கண்ணாடித் தம்ளர் இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்த இன்னொரு பால்புட்டியை எடுத்துக் குழாயில் பிடித்தார். வெள்ளையாக நிறைந்தது. ஜன்னல் விளிம்பில், வெளிச்சத்துக்கு எதிரே, அசையாமல் வைத்தார். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தாள். போன் பக்கத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இருவரும் எடுக்கவில்லை.

"அடியில…" என்றாள் மனைவி.

புட்டியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. மேலே எல்லாம் இன்னும் வெள்ளை. அந்தத் தெளிவு இரண்டு விரலானது. புட்டியின் அளவுக்கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே ஏறியது. கடைசியில் வெள்ளை மெல்லிய வளையமாக நீர்மட்டத்தில் நின்று, அதுவும் அடங்கியது. அடியில் ஒரு துளி மண்கூடப் படியவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள் மனைவி. பிடித்தார். மறுபடியும் அடியிலிருந்தே தெளிந்தது. மூன்றாவது தடவை அவளே பிடித்தாள். அதற்குப் பிறகு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை குழந்தை அழுதது. ஆறும்வரை அழுதது. புட்டி வாயில் பட்டதும் நிறுத்தியது.

தெருவில் ஒலிபெருக்கி வண்டி மறுபடி வந்தது. குழந்தையின் நிலை மேலும் மோசமாகிவிட்டதாக ஒன்பது பிரதி சேர்ந்திருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். "உங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்றாள். சாவிக்காரர் உள்ளே திரும்பினார். கழுவிய புட்டியை எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுக் குழாயைக் காட்டச் சொன்னார். அங்கே போய்ச் செய்து காட்டிச் சொன்னது இவ்வளவுதான்: பக்கவாட்டில் தெரியும் பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து அசைக்காமல் வைக்க வேண்டும். வெள்ளை அடியிலிருந்து மேல்நோக்கி மறைந்தால் அது காற்று. எப்போதும்போலக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். மேலிருந்து தெளிந்து அடியில் ஏதாவது படிந்தால் அது அழுக்கு. குடிக்காமல் வால்வக்காவைக் கூப்பிட வேண்டும்.